நாற்பத்து நாலிலிருந்து ஒன்று வரை

ஓசூர்
9 ஜூன் 2025

அன்புள்ள சுபாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் ஜெரூஷாவும் மாப்பிள்ளையும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? விக்கி புனேயிலிருந்து போன் செய்கிறானா? ஏரிப் பக்கம் நடக்கப் போகிறாயா? கீதாவைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா?

சாயங்காலம் ஆனால் குக்கர் விசிலைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தாய். அதற்கு மருந்து சொல்கிறேன். பாட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, போனிலேயே கேட்கலாம். ரேடியோ மாதிரிதான், ஆனால் நமக்காகக் காத்திருக்கிற ரேடியோ. நிறுத்தினால் நிற்கும். வெங்காயம் வதக்குகிற சத்தத்தில் ஒரு வரி விட்டுப்போனால் பின்னால் போய் மறுபடி கேட்கலாம். ஜெரூஷா பழக்கிவிட்டாள், இப்போது பாத்திரம் தேய்க்கும்போதுகூட என் காதருகே யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

உனக்கு மூன்று சொல்கிறேன். "அடுப்படி அரட்டை" சமையல். "விடியற்கால ஜெபம்" நான் கேட்பது, உனக்குப் பிடித்தால் கேள். மூன்றாவதுதான் உனக்கென்றே செய்த மாதிரி: "சும்மா ஒரு சந்தேகம்". தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு "ஏன்க்கா பின்கோடு ஆறு நம்பர்? ஏன் ஏழு இல்லை?" என்று என் உயிரை வாங்குவாயே, அந்த மாதிரி ஆட்கள் நடத்துவது. ஆரம்பத்திலிருந்து கேள்.

சந்தேகம் கேட்க எனக்குப் போன் செய்யாதே. முப்பது வருஷம் தாம்பரத்தில் ஊரார் கடிதங்களை வகை பிரித்தோம், இனி நமக்குள் கடிதம்தான் என்று ரிடையர் ஆன அன்று சத்தியம் செய்திருக்கிறோம்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
பியூலா

*

பீர்க்கன்கரணை
23 ஜூன் 2025

அன்புள்ள பியூலாக்காவுக்கு,

இங்கே நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். முட்டி படியேறும்போது மட்டும் வலிக்கிறது. விக்கி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான். ஏரிக்கரையில் தினமும் இரண்டு சுற்று நடக்கிறேன்.

மாடியில் குடியிருக்கும் அசரியா சாரைத் தெரியுமல்லவா, காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீசில் வேலை பார்ப்பவர், அவர்தான் ஆப் போட்டுக் கொடுத்தார். முதலில் சமையல் கேட்டேன். அந்த அம்மாள் நாய் துரத்துகிற மாதிரி பேசினாள். புளி கரைப்பதற்குள் அவள் சாம்பாரை இறக்கிவிட்டாள். இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே சமைத்தேன். அப்புறம் அசரியா சார் பார்த்துவிட்டு, வேகத்தை நானே கூட்டி வைத்திருக்கிறேன் என்றார். உங்கள் ஜெபம் நல்ல குரல்தான். அதனால்தான் தூங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"சும்மா ஒரு சந்தேகம்" ஆரம்பித்துவிட்டேன். அனுப்பிரியா என்று ஒரு பெண் தனியாகப் பேசுகிறாள். சாயங்காலம் மைனாக்கள் ஒரே மரத்தில் கூடி ஏன் அப்படிச் சண்டை போடுகின்றன என்பது சந்தேகம். நல்ல கேள்வி. ஆனால் பேச்சின் நடுவே நிறுத்திவிடுகிறாள், யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருப்பது போல. கடைசியில், "இன்னைக்கும் நான் மட்டும்தான்" என்கிறாள். ஆரம்பத்திலேயே இவ்வளவு சோகமா? இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப் போகிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சுபத்ரா

*

ஓசூர்
4 ஜூலை 2025

அன்புள்ள சுபா,

கர்த்தர் காக்கிறார், சுகம். கொஞ்சம் சளி.

நீ எந்த எபிசோடிலிருந்து ஆரம்பித்தாய்? எனக்கு ஞாபகம் இருக்கிறவரை ஆரம்பத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி பேச ஒருத்தி சிரிப்பாள். நான் பத்துப் பன்னிரண்டு கேட்டதோடு சரி.

போன கடிதத்தில் உன்னிடம் நாலு விஷயம் விசாரித்தேன். மூன்றுக்குப் பதில் வந்தது.

சுகமாயிரு,
பியூலா

*

பீர்க்கன்கரணை
19 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். சளிக்கு ஆவி பிடித்தீர்களா?

உங்களுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. இரண்டு பெண்கள் ஆரம்பத்தில் இல்லை, பிறகுதான் வருகிறார்கள். நான் ஒழுங்காக மேலிருந்து கேட்கிறேன். மேலே இருப்பது நாற்பத்து நாலு, அடுத்தது நாற்பத்து மூன்று. ராக்கெட் விடுவதற்கு முன்னால் எண்ணுவார்களே, அந்த மாதிரி எண்ணைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. தபால் கட்டை அவிழ்த்தால் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம்?

எட்டு எபிசோட் அந்தப் பெண் தனியாகத்தான் தத்தளித்தாள். முப்பத்தாறில் திடீரென்று இன்னொரு குரல், ஓவியா. வந்ததும் வராததுமாகச் சண்டை. ரயில் ஹாரனைப் பற்றிப் பேச வந்தவர்கள், யார் முதலில் பேசுவது என்று முறைத்துக்கொள்கிறார்கள். முப்பத்து நாலில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்கிறது. அக்கா தங்கையாம்.

இந்தக் கடிதத்தை இத்துடன் முடிக்கிறேன். அரிசி களைந்து வைத்திருக்கிறேன்.

சுபத்ரா

*

ஓசூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுபா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இயேசுவின் கிருபையால் சளி போய்விட்டது. உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஏன் என்று கேட்காதே. நீ கேட்கிற ஆள் என்று தெரிந்தும் சொல்கிறேன், கேட்காதே.

நீ எந்த வரிசையில் கேட்டுக்கொண்டிருக்கிறாயோ அதே வரிசையில் கேள். ஒன்றாம் எபிசோட் வரை போ. வரிசையைப் பற்றி அசரியா சாரிடம்கூடப் பேச வேண்டாம்.

அந்த அக்கா தங்கை இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுது. அனகாபுத்தூரில் இருக்கிற உன் தங்கை கீதா எப்படி இருக்கிறாள் என்றும் எழுது.

பியூலா

*

பீர்க்கன்கரணை
8 செப்டம்பர் 2025

அன்புள்ள பியூலாக்காவுக்கு,

நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

அவர்கள் சேர்ந்துவிட்டார்கள், அக்கா. பத்தொன்பதில் இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று ஆரம்பித்து, இருவரும் சிரித்த சிரிப்பில் கடைசிவரை விடையே சொல்லவில்லை. நான் தனியாக அடுப்படியில் நின்று சிரித்தேன். அந்த நாற்பத்து நாலாம் எபிசோட் பெண்ணா இவள் என்று இருந்தது.

பதினேழில் ஏரிகளைப் பற்றிப் பேசினார்கள். ஏரி நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது சந்தேகம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகக் கடைசியில் அடையாற்றில்தான் போய்ச் சேருமாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுநாள் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் போய் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த ஏரியைச் சுற்றி நடக்கிறேன், இது எங்கே போகிறது என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் கீதாவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் போனது. எங்கள் ஏரித் தண்ணீரும் அதில் இருந்திருக்கும். அது போயிருக்கிறது, நான் போகவில்லை. அவள் வந்தால் வரட்டும் என்று நானும், அக்கா கூப்பிடட்டும் என்று அவளும் இருந்துவிட்டோம். அடுத்த மாதமே விக்கி கல்யாணம். கூடப் பிறந்தவளை வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டும். நான் பத்திரிகையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, அவள் வரவில்லை. அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. பத்து வருஷமாக அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு கையெழுத்துதான்.

லீவு கிடைக்கவில்லை என்று அப்போது உங்களிடம் சொன்னேன். கிடைத்தது. வெள்ளத்தில் எட்டிப் பார்க்காத முகத்தை எப்படிக் காட்டுவது என்று வெட்கம். அதனால் தபாலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முறைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களே சிரிக்கிறார்கள். நான் கீதாவைப் பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். போகட்டுமா?

சுபத்ரா

*

ஓசூர்
15 செப்டம்பர் 2025

சுபா,

சுகம். போ.

பூ வாங்கிக்கொண்டு போ. கையில் பூ இருந்தால் வாசலிலேயே திரும்பி வர மனசு வராது. எல்லா எபிசோடும் முடியட்டும் என்று காத்திருக்காதே.

பியூலா

*

பீர்க்கன்கரணை
6 அக்டோபர் 2025

பியூலாக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். பல்லாவரத்தில் பஸ் மாறி அனகாபுத்தூரில் இறங்கினேன். சந்து இன்னும் குறுகலாகத் தெரிந்தது. கீதா வாசல் அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. மிஷினை நிறுத்தாமலேயே பார்த்தாள்.

"இன்னா, தபால்ல வராம நேர்ல வந்துகினு கீற?"

பூவைக் கொடுத்தேன். வாங்கி மிஷின் மேல் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் மகன் ஷ்யாம்சுந்தருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், அதை அவளாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்கு ஆமாம் என்றாள். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. நான் அந்த இரண்டு பெண்களின் கதையை ஆரம்பித்தேன். தனியாக இருந்தவள், சண்டையோடு வந்தவள், கடைசியில் ஒருத்தியை ஒருத்தி பேசவிடாமல் சிரித்தது, எல்லாம். அதைக் கேட்டுத்தான் எனக்கு வரத் தோன்றியது என்றும் சொன்னேன். கீதா தைத்துக்கொண்டே நாள் முழுக்க எதையாவது கேட்பவளாம். போனை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல தேதி போட்டுக்கீது பாருக்கா. நீ கடைசிலேர்ந்து கேட்டுகினு வந்துகீற. இதுங்க ஒண்ணா சிரிச்சிகினு இருந்ததுங்க, அப்பால பிரிஞ்சி போச்சுங்க. இவ தனியா பேசனதுதான் கடைசி. அதுக்கப்புறம் ஒண்ணுமே போடல."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அதுங்க சேந்துச்சுன்னுதானே என் வூட்டுக்கு வந்த? பிரிஞ்சி போச்சுன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

முட்டி வலிக்கிறது, பஸ் போய்விடும் என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் மிஷினை மறுபடி ஓட்டுகிற சத்தம் சந்து முனைவரை கேட்டது.

வரிசையைப் பற்றி யாரிடமும் பேசாதே என்று எழுதினீர்களே. உங்களுக்கு ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்த நீங்கள், ஒரு வரியில் என்னை நிறுத்தியிருக்கலாம். பத்து வருஷம் கழித்து ஒரு தரம் அவள் வாசலுக்குப் போனேன், அதையும் முட்டாளாகப் போய் நின்றேன்.

சுபத்ரா

*

ஓசூர்
14 அக்டோபர் 2025

என் அன்புள்ள சுபா,

தெரியும். ஜூலையில் உன் கடிதம் வந்த அன்றே தெரியும். நீ தலைகீழாகக் கேட்கிறாய் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன், பிறகு கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். அந்தப் பதிவுத் தபாலை யார் கவுண்டரில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? என் கவுண்டரில். கீதாவின் பெயரைப் பார்த்தேன். உறையின் மூலையில் மஞ்சள் இருந்தது. உனக்கு லீவு கிடைத்ததும் எனக்குத் தெரியும், ரெஜிஸ்டர் என் மேஜையில்தான் இருந்தது. "சுபா, இதை நேரில் கொண்டுபோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ரசீதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முறை வாயைத் திறந்தால் நீ போகாமல் இருந்துவிடுவாய் என்று பயந்தேன். இரண்டு தடவையும் தப்பாகக்கூட இருக்கலாம்.

கீதா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் அது கதவை மூடுகிறவள் கேட்கிற கேள்வி இல்லை.

உன் கோபம் தணிந்ததும் எழுது.
பியூலா

*

ஓசூர்
2 டிசம்பர் 2025

அன்புள்ள சுபா,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அங்கே மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஏரி நிறைந்துவிட்டதா? போன் செய்து பார்த்தேன், சத்தியத்தை மீறித்தான், நீ எடுக்கவில்லை. விக்கியிடம் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க ஆன்ட்டி, ஆனா வீட்ல இல்ல" என்கிறான். எங்கே என்று கேட்டால் மழுப்புகிறான்.

கதை ஒன்றும் வேண்டாம். சுகம் என்று ஒரு வரி போதும்.

பியூலா

*

பீர்க்கன்கரணை
19 ஜனவரி 2026

அன்புள்ள பியூலாக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் ஜெரூஷாவும் மாப்பிள்ளையும் சுகமா? பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். உங்களைத் தவிக்கவிட்டதற்கு ஒரு திட்டு பாக்கி வைத்திருப்பீர்கள், அதை வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் அக்டோபர் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உங்கள் மேல் இன்னும் கோபமாக இருந்தேன். அப்புறம் கீதா கேட்ட கேள்வியே காதில் ஓடிக்கொண்டிருந்தது. பிரிந்தது தெரிந்திருந்தால் வந்திருப்பாயா? யோசித்துப் பதில் கண்டுபிடிக்கிற கேள்வியாக அது தெரியவில்லை. இப்போதுதான் தெரிந்துவிட்டதே, போகிறேனா இல்லையா என்று பார்த்தால் போதும்.

நவம்பர் கடைசியில் கனமழை என்று அறிவித்தார்கள். எங்கள் ஏரி நிறைந்து கலங்கலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நான் இரண்டு புடவை, முட்டித் தைலம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கீதாவின் வாசலில் போய், தண்ணீர் வந்தால் இரண்டு பேராகச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றலாம் என்றேன். அவள் பையை வாங்கி உள்ளே வைத்தாள். நீங்கள் போன் செய்தபோது தையல் மிஷினை இரண்டு பேருமாக ஸ்டூல் மேல் தூக்கிக்கொண்டிருந்தோம். என் போன் அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. நீங்கள் பயந்துவிடக் கூடாது என்று விக்கியிடம் இடத்தைச் சொல்லாதே என்றேன்.

தண்ணீர் வாசற்படிவரை வந்து நின்றுவிட்டது. ஒன்பது நாள் இருந்தேன். அவள் தைத்தாள், நான் பட்டன் வைத்தேன். "சும்மா ஒரு சந்தேகம்" முதல் எபிசோடிலிருந்து இரண்டு பேருமாகக் கேட்டோம். முப்பதோடு நிறுத்திவிட்டோம், அதற்குமேல் போக அவளுக்கும் மனமில்லை. கிளம்பும்போது நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை. பொங்கலுக்கு வா என்றும் அவள் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை எனக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் கீதா, அனகாபுத்தூர். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தேன். மேலே மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகை. ஷ்யாம்சுந்தருக்குத் தை மாசக் கடைசியில் கல்யாணம்.

அக்கா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்ததையே எனக்குத் திருப்பிச் செய்துவிட்டாள், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். வாசல் கதவைக்கூடச் சாத்தவில்லை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அப்புறம்தான் பார்சல் கனமாக இருந்தது ஞாபகம் வந்தது. ஒரு பத்திரிகைக்கு அவ்வளவு கனம் ஏது? இந்தத் தடவை கட்டை அடிவரை பிரித்தேன். ஐம்பது பத்திரிகைகள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். தங்கள் நல்வரவை விரும்பும் என்ற இடத்தில் முதல் பெயர், பெரியம்மா சுபத்ரா. கட்டின் அடியில் ஜாக்கெட் அளவு எழுதுகிற தாளில் அவள் எழுதியிருந்தாள்:

"அக்கா, வீட்டு ஆளுங்களுக்கு யாரும் பத்திரிகை வைக்கிறதில்லை. இந்த ஐம்பது உன் பங்கு. ஒன்றைக்கூடத் தபாலில் போடாதே."

நாற்பத்து நாலாம் எபிசோடுக்குக் கீழே கருத்து எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே அனுப்பிரியாவுக்கு எழுதினேன்: "உன் தங்கை வீடு எத்தனை பஸ் தூரம்?" இன்னும் பதில் வரவில்லை. நமக்குக் காத்திருந்து பழக்கம்தானே.

உங்கள் பத்திரிகையை இந்த உறைக்குள் தேட வேண்டாம். இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை கீதாவும் நானும் காலை பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்புகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்குச் சேர்த்து அரிசி போடுங்கள்.

சுபத்ரா